ஐந்து கோடு இடைவெளி

ஜூலை 25, திங்கள்

இன்று கையால் ஒரு நல்ல காரியம் செய்தேன். யாரும் பார்க்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆவுடைப்பேரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்ட் என்றால் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள் என்றுதான் ஊரில் நினைப்பு. தடுப்பூசி மருந்துகள் இருக்கும் குளிர்பெட்டியும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. காலையும் மாலையும் அதற்குள் தொங்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நம் பெட்டி நாலை விட்டு அசையாது. மின்சாரம் ஒன்பது மணி நேரம் போன அன்றுகூட நாலுதான். மாவட்டக் கூட்டத்தில் ஒருமுறை என் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார்கள்.

பெட்டியைத் துடைப்பதற்காகத் தெர்மாமீட்டரை அதன் தகரக் கவ்வியிலிருந்து கழற்றினேன். கவ்வி மறைத்திருந்த இடத்தில் சிவப்புத் திரவம் அறுந்து நின்றது. கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, நடுவில் ஐந்து கோடு அளவுக்கு வெறும் கண்ணாடி. எப்போது அறுந்தது என்று தெரியவில்லை.

புதிது கேட்டு எழுதினால் மூன்று மாதம் ஆகும். நானே உட்கார்ந்தேன். ஐஸைத் துணியில் சுற்றி நசுக்கி, கல் உப்பும் சேர்த்து டம்ளரில் நிரப்பி, அடியிலுள்ள குமிழை மட்டும் அதற்குள் செருகினேன். திரவம் இறங்கியது. இடைவெளியும் கூடவே இறங்கியது. பிறகு நிமிர்த்திப் பிடித்து, நாலாக மடித்த துண்டின் மேல் மெதுவாகத் தட்டினேன். வேகமாகத் தட்டினால் கண்ணாடி போய்விடும். மெதுவாகத் தட்டினால் ஒன்றும் நடக்காது. அந்த அளவு கைக்குத்தான் தெரியும். முக்கால் மணி நேரத்தில் மேல் துண்டு கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வந்து கீழ்த் துண்டோடு ஒட்டிக்கொண்டது. சரிபார்க்க, உப்பில்லாமல் உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் தண்ணீரில் வைத்தேன். பூஜ்யத்தில் போய் நின்றது. மயிரிழை பிசகவில்லை.

பெட்டிக்குள் தொங்கவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தேன். பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று காட்டியது. தட்டிய தட்டில் இன்னும் நிலைப்படவில்லை போலிருக்கிறது. பெட்டியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சூட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். பதிவேட்டில் நாலு என்று எழுதினேன்.

பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. வெண்டைக்காய்க் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூலை 26, செவ்வாய்

காலையில் நாலு. உண்மையிலேயே நாலு.

ஜூலை 27, புதன்

தடுப்பூசி நாள். ஒன்பது குழந்தைகள். எங்கள் செவிலியர் எஸ்தர் ஜெபமணி காலை எட்டரைக்கே வந்துவிட்டாள். வயது முப்பத்திரண்டு. அழுகிற குழந்தையை வாங்கினால் அது ஊசி குத்தும் வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்த ராசி கிடையாது.

மருந்துக் குப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வடிவக்கா, இது என்ன குலுக்கினாலும் துகள் துகளா நிக்கே?"

"நல்லாக் குலுக்கு. கலந்துரும்."

வெளியே தாய்மார்கள் வரிசை. ஒரு குழந்தை அழுதால் ஒன்பதும் அழும். அவள் குலுக்கினாள். போட்டாள்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஒரு குப்பியை மட்டும் எடுத்து உறைபெட்டியில் வைத்தேன். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 28, வியாழன்

கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் இந்த மருந்து ஒருமுறை உறைந்துபோனால் செத்த மருந்து. பிறகு உருகினாலும் உயிர் வராது. உறைந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. வேண்டுமென்றே உறையவைத்த குப்பியையும் சந்தேகக் குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் நிறுத்த வேண்டும். கெட்டது சீக்கிரம் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். நல்லது கலங்கியே நிற்கும்.

இரண்டையும் நிறுத்தினேன். கால் மணி நேரத்தில் இரண்டும் தெளிந்துவிட்டன. எது நான் உறையவைத்தது என்று எனக்கே தெரியவில்லை. லேபிளில் போட்ட பேனாக் குறியைத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

கடைசி ஒரு வாரம் மட்டும் அப்படி ஆகியிருக்கலாம்.

ஜூலை 29, வெள்ளி

டாக்டரிடம் சொன்னேன். ஹரிஹரசுதன் சாருக்கு இருபத்தெட்டு வயது. மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, அக்டோபரில் போய்விடுவார். கெட்ட மனிதர் இல்லை. நான் சொல்லி முடிக்கும் வரை பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"இப்ப தெர்மாமீட்டர் சரியா இருக்கா மேடம்?"

"சரியா இருக்கு சார். நானே சரிபண்ணிட்டேன்."

"ரிஜிஸ்டர்ல என்ன இருக்கு?"

"எல்லா நாளும் நாலுதான் சார்."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுபோச்சு. இருக்கிற குப்பியெல்லாம் உடைஞ்சிருச்சுன்னு எழுதிட்டுப் புதுசு வாங்கிக்கங்க."

"போட்ட பிள்ளைங்களுக்கு சார்?"

"எத்தனை பேர்?"

"எண்ணலை சார்."

"எண்ணாதீங்க," என்றார்.

ஆகஸ்ட் 1, திங்கள்

புது மருந்து வந்தது. பழையதைக் குழியில் போட்டு மூடியாயிற்று. எஸ்தர், "இவ்வளவு எப்படிக்கா உடைஞ்சுது?" என்று கேட்டாள். தட்டு சரிந்துவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

முப்பிடாதி வந்திருந்தாள். மேலத் தெருவில் பீடி சுற்றுகிற பெண். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை, தர்ஷிகா. மூன்று மாதம். நாலு நாளாக இருமல் என்றாள். டாக்டர் மருந்து எழுதினார், நான் கொடுத்தேன். பாட்டிலின் மூடியில் அளவைக் காட்டினேன்.

"ஊசியெல்லாம் தவறாமப் போட்டுட்டு வாரேன்க்கா. ரெண்டு போட்டாச்சு," என்று அட்டையை எடுத்துக் காட்டினாள். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 15. ஜூலை 13.

ஆகஸ்ட் 12, வெள்ளி

தர்ஷிகாவுக்கு இருமல் நிற்கவில்லை. இருமி இருமி முகம் நீலம் பாரித்து, முடிவில் ஒரு இழுப்பு, விசில் ஊதுகிற மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். இந்த வட்டாரத்தில் கக்குவான் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. டாக்டர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். எஸ்தர்தான் ஆம்புலன்ஸில் கூடப் போனாள்.

நான் மருந்து அறையில் இருந்தேன். மாத்திரைகளை அடுக்கிவைக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 15, திங்கள்

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தோம். கீழத் தெருவில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு அதே இருமல்.

ஆகஸ்ட் 17, புதன்

முப்பிடாதியின் குழந்தை விடியற்காலையில் இறந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு எஸ்தர் போனில் சொன்னாள். இன்றைக்கும் தடுப்பூசி நாள். பதினொரு குழந்தைகள் வந்தன.

ஆகஸ்ட் 19, வெள்ளி

மாவட்ட அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். தலைமை அதிகாரி நரைமீசைக்காரர், சத்தம் போடாமல் பேசுகிறவர். மூன்று குழந்தைகளும் ஊசி போட்டவர்கள் என்பதால் மருந்து எங்கோ உறைந்து கெட்டிருக்க வேண்டும் என்று அவராகவே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

முதலில் குளிர்பெட்டிக்கு வந்தார். தெர்மாமீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சிவப்புக் கோடு ஒரே இழையாக நின்றது. நாலு. பதிவேட்டைப் புரட்டினார். ஜூன் முழுக்க நாலு, ஜூலை முழுக்க நாலு.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா," என்றார்.

அப்புறம் எஸ்தரைக் கூப்பிட்டார். ஊருக்குள் ஊசி போடப் போகும்போது அவள் கொண்டுபோகும் கைப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதில் ஐஸ் கட்டி வில்லைகளை உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே வைக்கக் கூடாது. வெளியே வைத்து வேர்க்கவிட்ட பிறகுதான் மருந்தோடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உறைந்துவிடும்; மிஞ்சும் குப்பிகள் திரும்பவும் குளிர்பெட்டிக்குத்தான் வரும்.

"எப்பவும் வேர்க்கவிட்டுத்தான் வைப்பீங்களா?"

எஸ்தருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பெரும்பாலும் அப்படித்தான் சார். ஒண்ணு ரெண்டு நாள் கிளம்ப நேரமாயிட்டுன்னு..."

"எந்த நாள்?"

"ஞாபகம் இல்ல சார்."

அவர் எழுதிக்கொண்டார். டாக்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்ல பொண்ணு சார்," என்று நான் சொன்னேன். அதுவரைக்கும்தான் வாய் வந்தது.

ஆகஸ்ட் 22, திங்கள்

எஸ்தருக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. சாவிகளை என்னிடம் ஒப்படைத்தாள். ஒவ்வொரு சாவியும் எந்தப் பூட்டுக்கு என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள், எனக்குத் தெரியும் என்று தெரிந்தும். மேலத் தெருவில் அவள் வண்டி மேல் சாணியை எறிந்திருக்கிறார்கள்.

"எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு நின்னாவ. நீங்க ஒருத்திதான் எனக்காவ ஒரு வார்த்தை பேசினீய. அத மறக்க மாட்டேன்க்கா."

தூத்துக்குடியில் இருக்கும் என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். சொன்னேன். முழுக்கச் சொன்னேன். "செத்த புள்ள திரும்ப வரப் போறதில்ல, நீ பேசாம கெட," என்றார். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேனோ என்னவோ.

ஆகஸ்ட் 24, புதன்

பிரஷர் 160/100. மாத்திரையைக் கூட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, சனி

எப்போது அறுந்தது என்று தெரியவில்லை என ஜூலை 25-இல் எழுதியிருக்கிறேன். தெரியும்.

ஜூன் 10, வெள்ளி. பெட்டியில் கட்டியிருந்த பனியைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசும்போது தெர்மாமீட்டர் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. உடையவில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டு திரும்ப மாட்டினேன். மத்தியானம் பார்த்தால் ஒன்பது காட்டியது. அதற்கு முன் ஒருநாளும் ஒன்பது காட்டியதில்லை. பெட்டி சூடாகிறது என்று நினைத்துத் திருகைக் குளிர்ப் பக்கம் திருப்பினேன். எட்டு காட்டியது. இன்னும் திருப்பினேன். நாலு வரும் வரைக்கும் திருப்பினேன்.

பெட்டி சரியாகத்தான் இருந்தது. நாலில்தான் இருந்தது; அறுந்த ஐந்து கோடுதான் அதை ஒன்பதாகக் காட்டியது. நான்தான் அதை நாலுக்குக் கொண்டுவருகிறேன் என்று பூஜ்யத்துக்குக் கீழே தள்ளினேன்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் கவ்வியை நகர்த்திப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளின் நாலு, திங்கட்கிழமை காலையில் எழுதியது. சில வாரங்களில் சனிக்கிழமையே எழுதியது. ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாத அன்று நான் பெட்டியைத் திறக்கவே இல்லை.

இன்று எண்ணினேன். ஏழு புதன்கிழமைகள். எழுபது குழந்தைகள். கடைசி ஒன்பதும் தெரிந்தே கொடுத்தது.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகம் போனேன். நரைமீசைக்காரர் கடைசிவரை பொறுமையாகப் படித்தார்.

"அந்த அறுந்த தெர்மாமீட்டர் எங்கம்மா?"

"பெட்டியில இருக்கிறதுதான் சார் அது. நான் ஒட்டவச்சுட்டேன்."

"நான் பார்த்தேனே, நல்லாத்தானே இருந்தது."

"சரிபண்ணினதுக்கு அப்புறம் பார்த்தீங்க சார்."

"பழைய குப்பிங்க?"

"புதைச்சாச்சு."

"டாக்டர்கிட்ட சொன்னதா எழுதியிருக்கீங்க." அங்கேயே போன் போட்டு டாக்டரிடம் கேட்டார். பேசி முடித்துவிட்டு, "அவருக்கு அப்படி ஞாபகம் இல்லையாம்," என்றார்.

நான் நின்றேன். உட்காரச் சொன்னார். நன்றாகத்தான் நடத்தினார். அதுதான் தாங்கவில்லை.

"அந்த செவிலியர் உங்க சிநேகிதி. அவங்களுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. உங்க மனசு புரியுது. ஆனா இப்படி ஒருத்தருக்காக ஒருத்தர் எழுதிக் கொடுத்தா விசாரணைன்னு ஒண்ணு எதுக்கு? ரிட்டயர் ஆக எத்தனை வருஷம் இருக்கு?"

"பத்து."

"வீட்டுக்குப் போங்கம்மா."

கடிதத்தை வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரச் சொன்னேன். முத்திரை வைத்திருக்கிற கிளார்க் லீவாம்.

அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருக்கிறேன். ஒரு கோடு, ஒரு துளி மிச்சமில்லாமல்.

செப்டம்பர் 4, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து எஸ்தர் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனேன். வெள்ளைச் சேலையோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காபி போட எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. "துகள் துகளா நிக்கேன்னு நான் கேட்டேம்லா?" என்றாள்.

"கேட்ட."

"நல்லாக் குலுக்குன்னீய."

"ஆமா."

"அந்தப் புள்ளைக்கு நாந்தான் குத்துனேன். ஆம்புலன்ஸ்ல என் மடியிலதான் கெடந்துது. நாந்தான் ஐஸ வேர்க்கவிடாம வச்சுக் கொன்னுட்டேன்னு இத்தனை நாளும் முழங்கால்ல நிக்கேன். நீங்க எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்புனீய."

மாவட்ட அலுவலகத்துக்குப் போனதைச் சொல்லலாமா என்று இருந்தது. சொன்னால் எதையோ ஈடுகட்டுகிற மாதிரி இருக்கும்.

"மத்தப் புள்ளையளுக்கு?" என்று திடீரென்று கேட்டாள். "எழுபதுன்னீயளே. அதுகளுக்குத் திரும்பப் போட்டாச்சா?"

"இல்ல."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்ப இங்க எதுக்கு வந்து நிக்கீய? போங்க. மொதல்ல அதப் பாருங்க."

செப்டம்பர் 7, புதன்

பத்தொன்பது தாய்மார்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். புதுச் செவிலியர் ஊசிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் நடுவில் போய் நின்று சொன்னேன். ஜூன் பதினைந்திலிருந்து ஜூலை இருபத்தேழு வரை இங்கே போட்ட ஊசி கெட்டுப்போன ஊசி, கெடுத்தது நான், எஸ்தர் இல்லை, உங்கள் பிள்ளைகளுக்கு மறுபடி போட வேண்டும். இவ்வளவுதான். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதி மறந்துவிட்டது.

ஒருத்தி எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னாலேயே ஏழு பேர் போனார்கள். ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே, "ஒனக்குப் புள்ள இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறாள், காலேஜில் படிக்கிறாள் என்றேன். அவள் காறித் துப்பினாள். தரையில்தான் துப்பினாள்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டுக் கத்தினார். "யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது? என் படிப்பே போயிரும், தெரியுமா?" நான் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வெளியே மிச்சமிருந்த பதினோரு தாய்மார்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "சார், சண்டைய பொறவு போடுங்க. எம் புள்ளைக்கு நல்ல ஊசியப் போடச் சொல்லுங்க," என்றாள்.

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். "தாய்மார்கள் கேட்டுக்கொண்டதால்னு எழுதிப் போடுங்க," என்றார். குரல் உடைந்திருந்தது. பதினோரு குழந்தைகளுக்கும் போட்டோம்.

செப்டம்பர் 9, வெள்ளி

இன்று மேலத் தெருவுக்குப் போனேன். இதற்கு முன் மூன்று தடவை புறப்பட்டுப் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

முப்பிடாதி வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம். நான் சொல்லப்போவது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. புதன்கிழமை பேச்சு அன்றைக்கே தெருவுக்கு வந்துவிட்டதாம். இருந்தாலும் என்னை முழுக்கச் சொல்லவிட்டாள். அவள் விரல்கள் இலையைச் சுருட்டி நூலைக் கட்டிக்கொண்டே இருந்தன.

"ரெண்டாவது ஊசி போட்டுட்டு வந்த அன்னைக்கு ராத்திரி பூரா காய்ச்சல்," என்றாள். "ஒரு சொட்டு பால் குடிக்கல. விடிஞ்சதும் தூக்கிட்டு ஓடியாந்தேன். நீங்கதான் மருந்து குடுத்தீய. 'காய்ச்சல் அடிச்சா நல்லதும்மா, ஊசி உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்'னு சொன்னீய. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாத் தாய்மார்களிடமும் அப்படித்தான் சொல்வேன்.

"நான் சந்தோசமாத் தூக்கிட்டு வந்தேன்," என்றாள்.

எழுந்து உள்ளே போனாள். தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தடுப்பூசி அட்டையை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். ஜூன் 15, ஜூலை 13, இரண்டும் எஸ்தரின் உருண்டைக் கையெழுத்தில்.

"இது பொய்தான? அடிங்க."

பேனாவை எடுத்து இரண்டு தேதிகளையும் அடித்தேன்.

"ஏன் அடிச்சீயன்னு பக்கத்துல எழுதுங்க."

எழுதினேன். 'குளிர்பெட்டியில் உறைந்து கெட்ட மருந்து. பொறுப்பு: மருந்தாளுநர்.'

"பேரும் கையெழுத்தும். தேதியும் போடுங்க."

சண்முகவடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாங்கி, எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாள். மை காயும் வரை ஊதினாள். பிறகு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஆபீசர் எந்த ஊர்ல இருக்காரு?" என்று கேட்டாள். பஸ் நம்பரோடு சொன்னேன்.

மறுபடி உட்கார்ந்து முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

செப்டம்பர் 21, புதன்

வெள்ளிக்கிழமை எனக்கும் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. எஸ்தர் மேலுள்ள உத்தரவை இன்னும் எடுக்கவில்லை. விசாரணை மறுபடி நடக்கிறதாம், அது முடிந்தால்தான் எடுப்பார்களாம்.

இன்று வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன். மத்தியானம் எஸ்தர் போன் பண்ணினாள். வேலையில் இல்லாவிட்டாலும் வீடு வீடாகப் போய்ப் பேசித் தாய்மார்களைக் கூட்டிவந்துகொண்டிருக்கிறாள். அவள் வண்டி மேல் சாணி எறிந்த வீட்டுக்கும் போயிருக்கிறாள்.

"எழுபதுல நாப்பத்தாறு வந்தாச்சு," என்றாள்.

"மிச்சம்?"

"ஒண்ணு இல்ல. அதுபோக இருபத்தி மூணு."

நான் பேச வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.